குற்றிக்காசளவு பற்றரியும் மயிலிட்டிக் கடலும்

2024 செப்ரெம்பரில், வாடை தொடங்கச் சில கிழமைகள் இருக்கும்போது, எங்கள் கூட்டில் உள்ள நண்பர் ஒருவரின் பெரியப்பா பழைய சாரம் ஒன்றில் சுற்றிய பெட்டியொன்றை எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். படகில் பூட்டும் ஜீ.பி.எஸ் கருவி. 2011இல் இரண்டாம் கையாக வாங்கியதாம். வைத்த கையோடு அவர் கேட்டது தண்ணீரோ தேத்தண்ணியோ இல்லை, கரண்ட்.

"கனநேரம் பற்றரி இல்லாமல் வைக்கப்படாது பிள்ளையள். உள்ளுக்க இருக்கிற எல்லாம் போயிடும்."

ஓடிப்போய் 12 வோல்ற் பற்றரி ஒன்றை எடுத்துவந்து இணைத்தோம். திரை வெளிச்சமானது. அதில் முதலில் வந்தது ஓர் எச்சரிக்கை: உள்பற்றரி குறைந்துவிட்டது. ஆறேழு மாதமாக இப்படித்தான் என்றார். கொழும்பில் ஒரு முகவரிடம் ஃபோனில் கேட்டபோது "மொடல் பழசு, சாமான் வராது, புதுசு எடுங்கோ" எண்டு சொல்லிவிட்டார்களாம். புதுசின் விலை அவருடைய இரண்டு மாத உழைப்பை விட அதிகம். ஆனால் அவர் எங்களிடம் வந்தது காசுக்காக மட்டுமில்லை. அந்தப் பெட்டிக்குள் அவர் குறித்து வைத்த 118 புள்ளிகள் இருந்தன. புதுப் பெட்டி வாங்கினாலும் அவை கூட வராது.

இந்தக் கட்டுரை அந்தப் பற்றரியை நாங்களே மாற்றிய கதை. மாற்றும்போது எங்களுக்குத் தெரியவந்த வரலாறும் கூடச் சேர்ந்திருக்கிறது. முதலாவது, இரண்டாவது இல்லாமல் விளங்காது என்று நினைக்கிறோம்.

பெட்டிக்குள் ஏன் இன்னொரு பற்றரி?

படகில் பெரிய பற்றரி இருக்கும்போது உள்ளே ஏன் சின்னன் ஒன்று? எங்களுக்கும் முதலில் இந்தக் கேள்வி வந்தது.

பழைய கருவிகள் பலவற்றில் நினைவகச் சில்லு மின்சாரம் இருக்கும் வரைதான் எதையும் வைத்திருக்கும். மின் போனால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். படகுப் பற்றரியைக் கழற்றிச் சார்ச் போட வீட்டுக்குக் கொண்டுபோகும் இரவுகளில் அந்த நினைவைக் காப்பதற்கு 3 வோல்ற் லிதியம் பற்றரி ஒன்றைப் பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். கருவியின் கடிகாரத்தை ஓடவைப்பதும் செய்மதிகள் எங்கே நிற்கும் என்ற அட்டவணையைக் காப்பதும் அதுதான். அளவு ஒரு குற்றிக்காசு. ஆயுள் பத்து வருடம் வரை போகலாம், சிலது முன்னமே போகும். பின்னாளில் வந்த கருவிகளில் மின் இல்லாமலும் நினைவைத் தாங்கும் சில்லுகள் இருக்கின்றன, அவற்றுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

ஆக, அந்தப் பெட்டியில் மனுசர் ஒருவரின் கடலறிவு ஒரு குற்றிக்காசின் தயவில் நின்றது. அது ஏன் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எங்களுடைய அடுத்த கேள்வி.

கரையைப் பார்த்து கடலை அறிதல்

பெட்டி வருவதற்கு முன் எங்கள் கரைகளில் கடலை எப்படிக் குறித்தார்கள்? பெரியப்பா மேசையில் இருந்த இரண்டு பேனைகளையும் ஒரு கோப்பையையும் வைத்துக் காட்டினார். கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை எடுக்க வேண்டும். முன்னால் ஒரு பனைக் கூட்டம், பின்னால் ஒரு கோபுரம் என்று வையுங்கள். படகில் இருந்து பார்க்க இரண்டும் ஒரே நேரில் வந்தால் நீங்கள் ஒரு கோட்டில் நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் அதே மாதிரி வேறு இரண்டு அடையாளங்கள் நேராக வந்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கீழே பார் இருக்கிறது. கல்லை இறக்கலாம், வலையை விடலாம். கேத்திர கணிதம் படிக்காமலே செய்த கேத்திர கணிதம்.

கரை மறைந்த பிறகு காற்றும் வெள்ளியும். சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு காற்று. விடிவெள்ளி, ஆறாமீன் என்று நேரத்துக்கொரு வெள்ளி. இந்த அறிவு கரையோரத்தோடு மட்டும் நின்றதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1930களில் அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டயலும் கடலோடிகளுமாக அதை ஓட்டிப்போய் 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். செய்மதி பிறக்க அப்போது இன்னும் 19 வருசம் இருந்தது.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். கரையைப் பார்த்துக் கடலைக் குறிப்பவருக்குக் கரை மாறக் கூடாது. பனை விழக் கூடாது, கோபுரம் இடியக் கூடாது.

1990 யூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அது வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தத் துறைமுகம் 2017 யூலையில்தான் திரும்பக் கொடுக்கப்பட்டது. 27 வருசம். பெரியப்பா போகும்போது 30 வயது, திரும்பி வரும்போது 57. "வள்ளத்தில ஏறிப் பின்னால திரும்பிப் பாத்தன். எனக்குத் தெரிஞ்ச கரை அங்க இல்லை" என்றார். வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் போயிருந்தன. பனை நின்ற இடத்தில் பற்றை. அவர் தகப்பனிடம் படித்த நேர்கோடுகளில் பாதிக்கு ஒரு முனை இல்லை. 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக் கட்டடம் மாதிரி ஒரு சில பெரிய அடையாளங்களை வைத்துத்தான் மிச்சத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார். தேடித்தேடி ஒவ்வொரு பாராகக் கண்டுபிடித்து, கண்டதும் பெட்டியில் ஒரு பொத்தானை அமத்தியிருக்கிறார். 118 புள்ளிகளில் அரைவாசிக்கு மேல் இப்படி வந்தவை. இனிக் கரை மாறினாலும் எண் மாறாது எண்டு நம்பினார். எண்ணுக்கும் ஒரு பற்றரி தேவை என்பது பிறகுதான் தெரிந்தது.

சாவி கொடுக்கும்போதும் நிற்காத கடிகாரம்

கடலில் இடத்தை அறிவது அடிப்படையில் நேரத்தை அறிவதுதான். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுற்றுகிறது. நீங்கள் புறப்பட்ட இடத்தின் நேரமும் இப்போது நிற்கும் இடத்தின் நேரமும் தெரிந்தால், வித்தியாசத்தில் இருந்து நெடுங்கோடு கிடைத்துவிடும். ஆனால் 18ஆம் நூற்றாண்டு வரை கப்பலின் ஆட்டத்தையும் வெக்கையையும் ஈரத்தையும் தாங்கிச் சரியாக ஓடும் கடிகாரம் யாரிடமும் இல்லை. 1707 ஒக்ரோபரில் சில்லித் தீவுகளின் பாறைகளில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் நாலு மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நெடுங்கோட்டைக் கண்டுபிடிக்கும் வழிக்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது.

அதைத் தீர்த்தவர் ஜோன் ஹரிசன், தச்சுத்தொழிலில் இருந்து வந்தவர். அவருடைய நாலாவது கடற்கடிகாரம் 1761 நவம்பரில் ஜமெய்க்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் அது பிந்தியது வெறும் 5 செக்கன் சொச்சம். ஆனாலும் படித்தவர்களின் சபை அவரைக் கனகாலம் இழுத்தடித்தது. 1773இல், 80 வயதில்தான் கணக்குத் தீர்ந்தது.

ஹரிசன் செய்தவற்றில் எங்களுக்குப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். சாவி முறுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சுருளின் விசை சக்கரங்களுக்குப் போகாது. சாதாரணக் கடிகாரம் அப்போது தயங்கும். ஹரிசன் உள்ளே இன்னொரு சின்னச் சுருளை வைத்தார். பெரிய சுருளுக்குச் சாவி கொடுத்து முடியும் வரை சின்னது பாரத்தைத் தாங்கும். பெரியப்பாவின் பெட்டிக்குள் இருந்த குற்றிக்காசுப் பற்றரி செய்ததும் அதே வேலைதான்.

யாருக்குத் தான் நிற்கும் இடம் தெரியலாம்?

ஜீ.பி.எஸ் திட்டத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973இல் ஒப்புதல் கொடுத்தது. முதல் செய்மதி 1978 பெப்ரவரியில் ஏறியது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அவை அனுப்பும் நேரக் குறிகளை ஒப்பிட்டுக் கருவி இடத்தைக் கணிக்கிறது. ஹரிசனின் கணக்கில் ஒரு செக்கன் பிழைத்தால் பூமத்திய கோட்டில் அரை கிலோமீற்றருக்குக் கிட்ட விலகும். இங்கே ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீற்றர்.

அது இராணுவத்துக்காகக் கட்டியது. 1983 செப்ரெம்பர் 1ஆம் திகதி, வழி தவறிச் சோவியத் வான்பரப்புக்குள் போன தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் செத்தார்கள். அந்த மாதமே, இது முடிந்ததும் பொதுமக்களின் பாவனைக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று றேகன் அரசு அறிவித்தது. 1983 எண்டால் எங்கள் ஆக்களுக்கு ஞாபகம் வருவது வேறு. அதே வருசம் ஆகாயத்தில் இப்படி ஒரு முடிவும் எடுபட்டது என்பதை நாங்கள் இப்போதுதான் அறிந்தோம்.

கொடுத்தாலும் முழுசாகக் கொடுக்கவில்லை. பொதுமக்களுக்கான குறியில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். 100 மீற்றர் வரை இடம் தள்ளிக் காட்டும். பார் ஒன்றைத் தேடுபவருக்கு 100 மீற்றர் என்பது மீனுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள தூரம். அந்தக் கலப்படத்தை 2000 மே 2இல் கிளின்ரன் அரசு நிறுத்தியது. ஆனையிறவு முகாம் விழுந்து அப்போது பத்து நாள். எங்கள் கடலில் அந்த நாளை யாரும் கவனித்திருக்க நியாயமில்லை. கடல்வலயத் தடையும் நேரக் கட்டுப்பாடும் பாஸும் இருந்த காலம். கடற்கரைக்குப் போவதே பெரும்பாடு.

பற்றரிக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. 1990க்குப் பிறகு வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் ரோச் லைற் பற்றரியும் இருந்தது. எங்கள் அம்மா அப்பாக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, அந்த மின்னில் றேடியோச் செய்தி கேட்டவர்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு செய்திக்கு உயிர் எடுத்தவர்கள். ஒரு பற்றரியைப் பார்த்ததும் எறியாமல் "இதில இன்னும் என்ன கிடக்கு?" எண்டு கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. எங்களுடைய மேசையிலும் அதே கேள்விதான் இருந்தது.

நேரத்திலும் ஒரு கதை. 1996இல் மின்வெட்டுக் காரணமாக இலங்கை அரசு மணிக்கூட்டை முன்தள்ளியது. மே மாதம் ஒரு மணித்தியாலம் கூட்டி, ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஒரே தீவில் அரை மணித்தியால இடைவெளியில் இரண்டு நேரம். ஹரிசனின் கணக்கில் அரை மணித்தியாலம் என்றால் ஏழரைப் பாகை. எங்கள் அகலக்கோட்டில் அது 800 கிலோமீற்றருக்கும் மேல். சோதனைச் சாவடியைத் தாண்டி மணிக்கூட்டைத் திருப்பிய எங்கள் ஆக்கள், நெடுங்கோட்டுக் கணக்குப்படி ஒரு கடலையே தாண்டியிருக்கிறார்கள்.

எண்ணாக இருக்கும் எல்லை

போர் முடிந்தபின் ஜீ.பி.எஸ் எங்கள் கரைகளில் பரவியதற்கு மீன் மட்டும் காரணமில்லை. கடலில் ஒரு கோடு இருக்கிறது, அதைக் கண்ணால் காண முடியாது. 1974 யூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லையை ஆறு புள்ளிகளால் வரைந்தது. முதலாவது புள்ளி 10°05' வடக்கு, 80°03' கிழக்கு. 1976 ஒப்பந்தம் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டியது. மயிலிட்டியில் இருந்து நேர் வடக்கே போனால் அந்த எல்லை ஏறக்குறைய 16 கடல் மைலில், அதாவது 30 கிலோமீற்றரில் வந்துவிடும். அங்கே பனையும் இல்லை, கோபுரமும் இல்லை. எண் மட்டும்தான். அந்த எண் தெரியாதவருக்குச் சிறை, படகு பறிமுதல்.

எல்லை இரண்டு பக்கத்துக்கும் பொது என்றாலும் கடலில் எல்லோருக்கும் ஒரே பலம் இல்லை. தமிழகத்து இழுவைப்படகுகள் வந்து போன இரவுக்கு அடுத்த காலையில் வலை அறுந்து கிடப்பதை எங்கள் கரைகளில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. ஆனால் முறைப்பாடு கொடுக்கப் போனால் முதலில் வரும் கேள்வி "எங்கே?" என்பது. பெரியப்பாவின் பெட்டியில் 11 புள்ளிகள் வலை அறுந்த இடங்கள். மீனுக்காகக் குறித்தவை இல்லை, சாட்சிக்காகக் குறித்தவை.

மாற்றிய கதை

இனி வேலைக்கு வருவோம். உங்கள் வீட்டிலோ கரையிலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால் உதவும் என்பதற்காக ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதல் வேலை ஸ்க்ரூ டிரைவர் இல்லை, கொப்பி. பழைய பற்றரியைக் கழற்றிய அந்த நொடியே நினைவு அழியும் என்று வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஹரிசன் மாதிரி, மாற்றும் நேரத்துக்கு வெளியே இருந்து 3 வோல்ற் கொடுத்து நினைவைத் தாங்கலாமா எண்டு எங்களுக்குள் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். மின் ஓடும் பலகையில் சூடான ஈயக்கோலை வைத்து எங்காவது தொட்டுவிட்டால் புள்ளிகளோடு பெட்டியும் போகும். வேண்டாம் எண்டு முடிவெடுத்தோம். 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கினோம். எங்களுடைய சின்னச் சுருள் அதுதான்.

இரண்டு பின்னேரம் எழுதினோம். ஒருவர் திரையை வாசிக்க, ஒருவர் எழுத, இன்னொருவர் திரும்ப வாசித்துச் சரிபார்த்தார். பெட்டியில் தமிழ் எழுத்து இல்லாததால் பெரியப்பா ஆங்கில எழுத்தில் சுருக்கிப் பெயர் வைத்திருந்தார், அவருக்கு மட்டும் விளங்கும் பெயர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் எழுதினோம். அப்போதுதான் கதைகள் வந்தன. இது தகப்பன் காட்டிய பார். இது 2018இல் மெசின் நின்று ஒரு இரவு முழுக்கக் கிடந்த இடம். இது உடைந்த கப்பல், வலை விடக் கூடாது. ஒரு புள்ளிக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. "அதை விடுங்கோ" என்றார். விட்டுவிட்டோம். ஆனால் "எண்ணை எழுதுங்கோ" என்றார்.

பிறகு மின்னைக் கழற்றிவிட்டு, பின்பக்க ஆணிகளைத் திறந்தோம். ஆணிகள் நீளத்தில் வேறுபடும், எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் கீறி அதன்மேல் வையுங்கள். மூடியைச் சுற்றி ஓடும் இறப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுப்பது. அதை இழுத்துப் பிய்க்காமல் எடுத்துத் துடைத்து, காய்ந்து வெடித்திருந்தால் புதிது போட வேண்டும். மூடும்போது மெல்லிதாகச் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள்.

பற்றரியின் முதுகில் உள்ள எழுத்தை வாசியுங்கள், இது முக்கியம். சீ.ஆர் என்று தொடங்கினால் திரும்பச் சார்ச் ஏறாத வகை. எம்.எல், வீ.எல் என்று தொடங்கினால் கருவியே சார்ச் போடும் வகை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சார்ச் போடும் பலகையில் சீ.ஆர் வகையைப் போட்டால் பற்றரி வீங்கும், ஒழுகும், வெடிக்கவும் கூடும். என்ன இருந்ததோ அதே வகையைத்தான் போட வேண்டும். எங்களுடையது சீ.ஆர் 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. மல்ரி மீற்றர் 2.3 வோல்ற் காட்டியது. புதிதாக இருக்கும்போது 3க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டியது.

பற்றரியின் உடம்பில் நேரே ஈயம் வைக்காதீர்கள். சூட்டில் வெடிக்கலாம். தகட்டுக் கால் ஒட்டிய பற்றரியாகக் கேட்டு வாங்கி, காலில் மட்டும் ஈயம் வையுங்கள். சக பக்கம் எது, சய பக்கம் எது என்று பழையதைக் கழற்ற முன் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பற்றரியின் இரண்டு பக்கமும் ரேப் ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சின்னப்பிள்ளை விழுங்கினால் சில மணித்தியாலத்திலேயே தொண்டையைச் சுட்டுப் புண்ணாக்கும், உயிரும் போகலாம்.

மூடிய பிறகு தண்ணீர் போகாது எண்டு உடனே நம்ப வேண்டாம். நாங்கள் பலகையை உள்ளே வைக்க முன், வெறும் கூட்டுக்குள் ரிசுத் தாளை வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அமத்திப் பார்த்தோம். முதல் முறை ஒரு மூலை நனைந்தது. வளையத்தைத் திரும்ப இருத்தி இரண்டாம் முறை பார்த்தபோது காய்ந்தபடி வந்தது.

2005க்குத் திரும்பிய பெட்டி

பூட்டி, மின் கொடுத்தோம். திரை வந்தது. எச்சரிக்கை இல்லை. புள்ளிகளும் இல்லை. பூச்சியம். தெரிந்தே செய்ததுதான், என்றாலும் அந்தப் பூச்சியத்தைப் பார்க்க வயிற்றைக் கலக்கியது. பெரியப்பா எங்களைப் பார்க்கவில்லை, கொப்பியைப் பார்த்தார்.

பெட்டியை முற்றத்தில் வானம் தெரிய வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நினைவழிந்த கருவி செய்மதிகளின் முழு அட்டவணையை ஆகாயத்தில் இருந்து வாங்கப் பன்னிரண்டரை நிமிடம் தேவை, இடையில் அறுந்தால் இன்னும் கூட. அவசரப்பட்டு நிற்பாட்டக் கூடாது. ஒரு வழியாக இடம் வந்தது, சரியாக வந்தது. ஆனால் திகதி 2005 என்று காட்டியது. பெட்டி பழுதில்லை. ஜீ.பி.எஸ் கிழமைகளை 1024 வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்தில் இருந்து தொடங்கும். 1999 ஓகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் ஒரு முறையும் அது சுற்றி வந்தது. பழைய கருவிகள் சில அதனால் 19 வருசமும் ஏழு மாதமும் பின்னால் போய் நிற்கும். இடக் கணக்கு அதனால் கெடாது.

பெரியப்பா அந்தத் திகதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "2005இல எனக்கு உந்தக் கடலுக்குப் போகேலாது" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

118ஐயும் திரும்ப அடித்தோம். பிழையும் விட்டோம். இரண்டு நாளைக்குப் பிறகு ஃபோன் வந்தது: "பிள்ளையள், நீங்கள் தந்த இடத்தில பார் இல்லை, மணல்தான் கிடக்கு." கொப்பியைப் பார்த்தோம். ஒரு இடத்தில் 49.50 நிமிடம் என்று இருந்ததை எங்களில் ஒருவர் 49 நிமிடம் 50 செக்கன் என்று எடுத்து மாற்றி அடித்திருந்தார். அரை நிமிடம் என்றால் 30 செக்கன், 50 இல்லை. ஒரு நிமிட அகலக்கோடு 1852 மீற்றர். பிழை 600 மீற்றருக்கும் மேல். நீங்கள் எழுதும்போது பெட்டி எந்த முறையில் காட்டுகிறது, எந்த வரைபட அடிப்படையில் காட்டுகிறது என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இப்போதைய வழக்கம் டபிள்யூ.ஜீ.எஸ் 84. வேறு அடிப்படையில் குறித்த எண்ணை இதில் அடித்தால் இடம் தள்ளிப் போகும்.

அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது பெட்டி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டிக்கு 49.50உம் ஒன்றுதான், 49.83உம் ஒன்றுதான். வலையை இறக்கிய கைக்குத்தான் கீழே பார் இல்லை என்று தெரிந்தது.

கொப்பி இப்போது பெரியப்பா வீட்டில் இருக்கிறது. ஒரு பிரதி அவருடைய மகளிடம். எண்களை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, எங்கும் போடவும் மாட்டோம். அது அவர்களுடைய சோறு. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிய பெயரும் காரணமும் இதற்கு முன் எந்தத் தாளிலும் இருந்ததில்லை. 27 வருசம் கரை பூட்டிக் கிடந்தபோது அதைத் தாங்கியது ஒரு மனுசரின் தலை. பிறகு குற்றிக்காசு ஒன்று. இரண்டுக்கும் ஆயுள் உண்டு.

புதுப் பற்றரிக்குப் பத்து வருசம் என்று வைத்தாலும் 2034இல் யாரோ திரும்பத் திறக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அப்போது 74 வயது. உங்கள் கரையிலும் இப்படி ஒரு பெட்டியும் ஒரு பெரியப்பாவும் இருப்பார்கள். பெட்டியைத் திறக்க முன் 80 பக்கக் கொப்பி ஒன்றைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் இருங்கள். ஒவ்வொரு புள்ளியாகக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லாததை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் எழுதுங்கள்.